42 வயதில் மெமோகிராம் எடுப்பது காசுக்கேற்ற பலன் தருமா?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், 42 வயது, குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை, மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேக்கு 50 வயது வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

40களில் நோய் வருவது குறைவு. மார்புத் திசுவும் அடர்த்தி, கட்டி படத்தில் தெரியாமலே போகலாம். அதனால் ஓர் உயிரைக் காக்க நிறையப் பேரைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் சுமார் 1,60,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், 40களில் ஏறக்குறைய 1,150 பேரைச் சோதித்தால் ஒரு மரணம் தவிர்ந்தது. 50 வயதிலிருந்து 20 ஆண்டுகள் அழைத்தால் 10,000 பேரில் 43 மரணம் தவிரும் என்று 2012இல் அங்கே ஒரு நிபுணர் குழு கணித்தது. கூடவே, தொல்லையே தந்திராத புற்றுநோய்க்காக 129 பேர் சிகிச்சை பெறுவார்களாம். இந்தச் செலவை எந்த மருத்துவமனையும் விலைப்பட்டியலில் போடாது!

பிரிட்டன் 50 வயதிலிருந்துதான் அழைக்கிறது. அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளைப் பரிந்துரைக்கும் பணிக்குழு, தொடங்கும் வயதை 2024இல் 40க்கு இறக்கிவிட்டது. மலேசியாவில் மேற்கு நாடுகளைவிட இளவயதிலேயே பலருக்கு நோய் தெரியவருகிறது, அதுவும் முற்றிய பிறகு. ஆகவே பிரிட்டன் கணக்கை அப்படியே பினாங்குக்குத் தூக்கி வர முடியாது.

சரி, நீங்கள்? பெர்கேசோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டுபவர் என்றால், 40 வயதினருக்கான அவர்களுடைய இலவசப் பரிசோதனையில் உங்களுக்கு மெமோகிராம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் எடுத்துவிடலாம் என்பேன். மார்பில் கட்டி ஏதும் கைக்குத் தட்டுப்பட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.