525 மடங்கு டெலஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் கேட்கிறாள். ஆன்லைனில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வானியல் சங்கத்தார் மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டுகிறார்கள். வாங்கிக் கொடுக்கவா, முதலில் அங்கே கூட்டிப் போகவா? போனால் என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் கூட்டிப் போங்கள். வாங்குவதை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். அவள் ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆசை நிலைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்த 525 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த விலையில் வருபவை பெரும்பாலும் 60 மி.மீ. அகல லென்ஸும் 700 மி.மீ. குவியத்தூரமும் (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) உள்ளவை. கண் வைக்கும் பக்கம் 4 மி.மீ. குவியத்தூரம் உள்ள ஐபீஸ் என்ற சிறு லென்ஸைப் போட்டால் 700-ஐ 4-ஆல் வகுத்து 175 மடங்கு. நடுவில் அதை இன்னும் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் ஒரு டெலஸ்கோப் தாங்கும் உருப்பெருக்கம் அதன் முன் லென்ஸின் அகலத்தைப் பொறுத்தது. மி.மீ. ஒன்றுக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மி.மீ.க்கு 120 மடங்குதான் உச்சம். அதற்கு மேல் போவது, ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்துத் தோசை வார்ப்பதைப் போலத்தான். உருவம் விரியும், ஒளி மங்கும், விவரம் ஒன்றும் கூடாது. போதாததற்கு பூமி சுற்றுவதால், 525 மடங்கில் ஒரு கோள் இருபது விநாடிக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை அதன் முக்காலி. ஒருமுறை எங்கள் வானம் காட்டும் நிகழ்ச்சிக்கு ஓர் அப்பா இப்படி வாங்கிய டெலஸ்கோப்பைத் தூக்கி வந்தார். இரண்டு மாதமாக நிலாவைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று பையன் பெட்டிக்குள் வைத்துவிட்டானாம். விரலால் குழாயை லேசாகத் தட்டினேன். வியாழன் நான்கைந்து விநாடி அங்குமிங்கும் துள்ளிவிட்டுத்தான் நின்றது. பார்லோவைக் கழற்றி, 20 மி.மீ. ஐபீஸைப் போட்டு, 35 மடங்குக்கு இறக்கினோம். முக்காலியின் கால்களைக் குறைத்து, நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டோம். பையன் கண் வைத்தான். சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "பக்கத்துல நாலு புள்ளி இருக்கு, வரிசையா" என்றான். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு நிலாக்கள்தான். கருவி மாறவில்லை, பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் நின்றதுதான் வித்தியாசம். சங்கத்தின் நிகழ்ச்சிக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

தெருவோரத்தில் டெலஸ்கோப்பை நிறுத்திப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வானம் காட்டும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவின் ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் 23 வருடம் துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்தபோதே கப்பல் சன்னல்களின் பழைய கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு டெலஸ்கோப் செய்யத் தொடங்கினார், 1967-இல் மடத்தை விட்டு வெளியே வந்தார். அந்த வகை டெலஸ்கோப்பை அவர் பெயரிலேயே டாப்சோனியன் என்கிறோம். மைதானத்தில் தரையோடு தரையாகப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் தடித்த குழாயைக் கண்டால் அதுதான். முதலில் அந்த வரிசையில் நில்லுங்கள்.

எந்தச் சனிக்கிழமை போவது? வீட்டு நாட்காட்டியைப் பாருங்கள். வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வந்தால் நிலாவுக்கு அதுதான் சரியான நாள். பௌர்ணமியன்று ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அரை நிலாவில் இருளும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளங்களின் விளிம்பு நிழல் கூராக நீண்டிருக்கும். இருட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி மின்னினால், அது வெயில் பட்ட மலை உச்சி.

சனியின் வளையம் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்புவாட்டில் திரும்பியதால் அது மெல்லிய கோடாகிவிட்டது. இப்போது வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டிருக்கிறது. 2032 வாக்கில்தான் முழுக்கத் திறந்து தெரியும். இப்போது பார்த்துவிட்டு, அவள் கல்லூரிக்குப் போகும்போது மறுபடி பார்க்கட்டும்.

படங்களில் வரும் நிறங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்குக் கீழே ஒரியன் நெபுலா என்ற வாயு மேகம். புகைப்படத்தில் இளஞ்சிவப்பு, கண்ணுக்கு வெறும் சாம்பல் புகை. நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் புகை விரியும். மங்கிய ஒளியை வாங்கும் செல்கள் கண்ணின் ஓரத்தில்தான் அதிகம். அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 1,300 ஆண்டுகள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் எழும்பிய காலத்தை ஒட்டிக் கிளம்பியது என்று சொல்லிக் காட்டுவேன். அதைக் கேட்ட பிறகு இன்னொரு முறை வரிசையில் நிற்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைக் கேட்டுப் பாருங்கள். மதுரையில் அது அடிவானத்துக்கு மேல் 32 பாகை வரை ஏறும். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. மற்றபடி ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் வானம் பெரும்பாலும் தெளிவு. ஐப்பசி, கார்த்திகையில் மழையை நம்பி நிகழ்ச்சி வைக்க முடியாது.

போகும்போது செல்போன் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேர் கண்ணையும் கெடுத்துவிடும். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு வாருங்கள், லென்ஸ் பக்கத்தில் தெளிக்க வேண்டாம். பார்க்கும்போது கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பிள்ளைகள் குழாயைப் பிடித்துத் தொங்குவது இயல்பு.

இரண்டு மூன்று நிகழ்ச்சிக்குப் பிறகும் அவள் கேட்டால் 10x50 (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஒதுக்கிய தொகையை ஒட்டியே கிடைக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை அதில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தது பல பத்தாகப் பெருகும். அடுத்த படி 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன், அதை வாங்கும்போது சங்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருமுறை ஜவ்வாது மலையில் காவலூருக்கும் போய்வாருங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். பொதுமக்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக, கட்டாயமாக ஒன்று. மலிவு டெலஸ்கோப்புகள் சிலவற்றில் ஐபீஸில் திருகும் சிறிய கறுப்பு சூரிய வடிகட்டி ஒன்று வரும். யார் வீட்டில் இருந்தாலும் அதைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். குவிந்து வரும் வெப்பத்தில் அது விரிசல் விட்டால் ஒரு நொடியில் பார்வை போய்விடும். 2027 ஆகஸ்ட் 2 அன்று நம் ஊரிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். அன்றைக்கு டெலஸ்கோப்பின் முன்வாயை முழுதாக மூடும் வடிகட்டி போட்டுச் சங்கத்தார் காட்டுவார்கள், அங்கே வந்து பாருங்கள்.