பெரிய பெயருக்கு எவ்வளவு கடன் தகும்?

கேள்வி: என் மகளுக்குக் கணினி அறிவியல் இளநிலைப் படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர், உதவித்தொகை கிடையாது. அங்கே ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்தால் எங்கள் குடும்பத்தின் ஓராண்டு வருமானம் அப்படியே போய்விடும். படிப்போ நான்கு ஆண்டு. இன்னொன்றுக்கு அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் கல்விக் கட்டணத்தில் 80 சதவீதத்துக்கு உதவித்தொகை தருகிறார்கள். எங்கள் சேமிப்பு ஓராண்டு வருமானத்துக்குச் சமம். இரண்டாவது இடத்துக்கு அது போதும். முதல் இடம் என்றால் மீதிக்குக் கடன்தான். வீட்டை அடமானம் வைக்கவும் தயார். நானும் என் கணவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. "பெயரைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்கள், விட்டுவிடாதே" என்கிறார் என் அண்ணன். என்ன செய்வது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதைப் பிறகு எடுத்துக்கொள்வோம். அவர் போடாத கணக்கை முதலில் போட்டுவிடலாம்.

உங்கள் ஆண்டு வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டுகளில் 400 ஆகும். முதலாண்டைச் சேமிப்பு சமாளித்துவிடும். அடுத்த மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 100 கடன். வட்டி 10 சதவீதம் என்றால், படிக்கும்போதே வட்டி அசலோடு சேர்ந்து, பட்டம் வாங்கும் நாளில் 300 கடன் 364 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் மாதத்தவணையாக அடைத்தால் மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 577. வட்டி 7 சதவீதமாக இருந்தாலும் 479. கட்டணம் ஆண்டுதோறும் ஏறுமே, அதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இந்தத் தவணையை மகளின் சம்பளத்தோடு பொருத்திப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்ததும் அவள் உங்கள் குடும்ப வருமானத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது ஆண்டுக்கு 150 சம்பாதிக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் அவள் சம்பளத்தில் 38 சதவீதத்துக்கு மேல் தவணைக்கே போய்விடும், வரி பிடிப்பதற்கு முன்பாகவே. பிடிக்காத வேலையை உதறவோ, மேற்படிப்புக்குப் போகவோ, ஆறு மாதம் பொறுத்து நல்ல வேலை தேடவோ அவளுக்கு இடமிருக்காது.

இப்போது அண்ணன் சொல்வதற்கு வருவோம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 1995-இல் என்ன சம்பாதித்தார்கள் என்று பார்த்த ஆய்வு அது. ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்தும், பெயர் பெற்றதை விட்டுவிட்டு அதைவிடச் சாதாரணமானதில் படித்தவர்களின் வருமானம், பெயர் பெற்ற இடத்தில் படித்தவர்களின் வருமானத்தைவிடப் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. இடம் பிடிக்கும் அளவுக்குத் திறமை உள்ள பிள்ளை எங்கே படித்தாலும் அந்தத் திறமை கூடவே போகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த ஒரு சதவீத வருமானக்காரர்களில் ஒருவராகும் வாய்ப்பும், மிகப் பெயர் பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பும் கணிசமாகக் கூடின. அவர்கள் ஆராய்ந்தது ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற பன்னிரண்டு கல்லூரிகளை. உங்கள் மகளுக்குக் கிடைத்த இடம் அந்த வரிசையில் வருமா, அல்லது சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பெயரா என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். டேலும் க்ரூகரும் ஒரு விதிவிலக்கையும் கண்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பெயர் பெற்ற கல்லூரியால் பலன் இருந்தது. அவர்களே பின்னாளில் செய்த ஆய்வில், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது. வசதியும் தொடர்பும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர் ஒருவர் எங்காவது வழிகாட்டுவார். உங்கள் மகளுக்கு அந்த வழியைக் கல்லூரிதான் திறந்துவிட வேண்டும். ஆகவே அண்ணனின் பேச்சை நான் தள்ளிவிடவில்லை. பெயருக்கு மதிப்பு உண்டு, உங்கள் வீட்டுக்குச் சற்று அதிகமாகவே உண்டு. ஆனால் 300 கடனுக்கு அது ஈடாகாது.

அப்படியானால் எவ்வளவு தகும்? படிப்பு முடியும்போது நிற்கும் கடன், முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்பது கல்விக் கடன் பற்றி ஆலோசனை தருபவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. மகளுக்கு 150 சம்பளம் என்றால், வட்டியையும் சேர்த்துப் பார்க்கும்போது வாங்கும் கடன் 120-க்குள் நிற்க வேண்டும். தவணை சம்பளத்தில் சுமார் 15 சதவீதத்தோடு முடிந்துவிடும். முதல் பல்கலைக்கழகம் தன் 400-இல் 180-ஐக் குறைத்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள் என்பேன்.

குறைப்பார்களா என்று கேட்டால்தான் தெரியும். நிதி உதவி அலுவலகத்துக்கு மகளே கடிதம் எழுதட்டும். குடும்ப வருமானச் சான்று, இன்னொரு பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் கடிதத்தின் நகல், 'இவ்வளவு குறைந்தால் சேர்ந்துவிடுவேன்' என்று ஒரு தொகை, இவை மூன்றும் இருந்தால் போதும். கெஞ்சல் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். தேவையைப் பார்த்து உதவும் இடங்களில் இது வழக்கமான வேண்டுகோள்தான். கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

இரண்டாவது பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 80 சதவீதம் என்கிறீர்கள். கடிதத்திலும் சதவீதம் என்றுதான் இருக்கிறதா, அல்லது ஒரு தொகையைப் போட்டிருக்கிறார்களா? இது சின்ன விஷயமாகத் தோன்றும். கல்விக் கட்டணம் 1,000, உதவித்தொகை 800 என்றால் நீங்கள் கட்டுவது 200. கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறி, உதவித்தொகை 800-லேயே நின்றுவிட்டால், நான்காம் ஆண்டில் கட்டணம் 1,158. உங்கள் பங்கு 358. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அதைவிட முக்கியமானது, ஆண்டுதோறும் உதவித்தொகை தொடர என்ன மதிப்பெண் கேட்கிறார்கள் என்பது. தேர்ச்சி பெற்றாலே போதும் என்றால் கவலை இல்லை. சராசரி 4-க்கு 3.5 வேண்டும் என்றால், முதல் பருவத்தில் தடுமாறாத பிள்ளைகள் குறைவு. ஒரு பருவம் மதிப்பெண் குறைந்தால் உடனே நிறுத்திவிடுவார்களா, சரிசெய்துகொள்ள இன்னொரு பருவம் கொடுப்பார்களா, பாடப்பிரிவை மாற்றினால் என்ன ஆகும் என்றெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சென்ற ஆண்டு இந்த உதவித்தொகையோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டும் அது தொடர்ந்தது என்றும் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அடமானம் வேண்டவே வேண்டாம். தவணை தவறினால் மகளின் கடனுக்கு நீங்கள் இருவரும் வயதான காலத்தில் கூரையை இழப்பீர்கள். அவளும் அந்தப் பயத்தோடுதான் தேர்வு எழுதுவாள்.

ஆக, இப்போதைய நிலவரப்படி உதவித்தொகைதான் என் தேர்வு. அதனால் மிஞ்சும் சுதந்திரத்தை அவள் பயன்படுத்தட்டும். முதலாண்டிலிருந்தே உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும், ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் சேரட்டும். கணினித் துறையில் எழுதிக்காட்டிய நிரலுக்கு மதிப்பு உண்டு. முதுநிலைக்குப் பெரிய பெயர் உள்ள இடத்துக்குப் போக விரும்பினால், தலையில் கடன் இல்லாமல் போகலாம். சட்டம், முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை போன்ற துறையாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே கல்லூரிப் பெயரைப் பார்த்துத்தான் கதவையே திறக்கிறார்கள்.

இரண்டு இடங்களுக்கும் சேர்க்கையை உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாளை இன்றே குறித்து வையுங்கள். முன்பணம் கட்டினால் பல இடங்களில் திரும்ப வராது. நிதி உதவி அலுவலகத்தின் பதில் தாமதமானால், கடைசி நாளைத் தள்ளிவைக்கும்படி முதல் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். ஆனால் உதவித்தொகைக் கடிதத்தின் கெடு முடிவதற்குள் அதை ஏற்றுக்கொண்டுவிடுங்கள்.