போட்டியாளரின் விலையைத் தகவல் சட்டத்தில் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் கோவையில் பள்ளி மேசை, பெஞ்சு செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒரே போட்டியாளரிடம் தொடர்ந்து தோற்கிறோம். அவருடைய விலையையும் லாபக் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பெற முடியுமா? நாங்கள் கேட்பது அவருக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: விலையைப் பெரும்பாலும் பெறலாம். லாபக் கணக்குக்கு இது வழியல்ல. உங்கள் இரண்டாவது கேள்விக்கு, தெரிந்துவிடக்கூடும் என்றே எண்ணிக்கொண்டு இறங்குவது நல்லது.

2005ஆம் ஆண்டின் இச்சட்டம் குடிமக்களுக்கே உரிமை அளிப்பதால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து உங்கள் சொந்தப் பெயரில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். காரணம் கூறத் தேவையில்லை என்று 6(2) பிரிவு சொல்வதால், சந்தை ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது. தடையாக வருவது 8(1)(ஈ) பிரிவு: ஒருவரின் போட்டி நிலைக்குத் தீங்கு செய்யக்கூடிய வணிக இரகசியங்களை, பெரும் பொதுநலன் இருந்தாலொழிய, வெளியிட வேண்டியதில்லை.

ஆகவே எப்போது கேட்கிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஒப்பந்தப்புள்ளி பரிசீலனையில் இருக்கும்போது கேட்டால் மறுப்பு வருவது ஏறக்குறைய உறுதி. ஒப்பந்தம் வழங்கப்பட்ட பின்போ, அரசு எந்த விலைக்கு வாங்கியது என்பது மக்கள் பணத்தின் கணக்காகிவிடுவதால், அதை இரகசியம் என்று வாதிடுவது கடினம். விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் ஆணை, தாமதத்துக்காகப் பிடித்தம் செய்யப்பட்ட தொகை ஆகியவற்றின் நகல்களை, ஆண்டையும் அலுவலகத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். என் கணிப்பில், விலையைக் காட்டிலும் அந்தப் பிடித்தத் தொகை உங்களுக்கு அதிகம் பயன்படும். போட்டியாளர் குறித்த நாளில் சரக்குத் தருகிறாரா என்பது அதில் தெரியும். "ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் உள்ளதைத் தருவதே, விண்ணப்பங்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலரின் கடமை. விளக்கம் எழுதித் தருவது அவர் வேலையன்று.

போட்டியாளர் இரகசியமாகக் கருதி அளித்த ஆவணத்தை வெளியிட அலுவலர் எண்ணினால், 11ஆம் பிரிவின்படி 5 நாளுக்குள் அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் 10 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அவர் ஆட்சேபித்தாலும் முடிவு அலுவலருடையதே. வழக்கமான 30 நாள் கெடு அப்போது 40 நாளாகும். ஓர் ஆவணத்தில் ஒரு பகுதி மட்டுமே இரகசியம் என்றால், அதை மறைத்து மீதியைத் தர 10ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

லாபக் கணக்கைப் பொறுத்தவரை, போட்டியாளர் பதிவு செய்யப்பட்ட கம்பெனியாக இருந்தால், அவர் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கை மத்திய பெருநிறுவன (கார்ப்பரேட்) விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். தனிநபர் நிறுவனமாகவோ கூட்டு நிறுவனமாகவோ இருந்தால் அந்த வழியும் இல்லை.