மதிப்பீட்டுக்குப் போகச் சொன்னால் டி.சி. கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனைச் சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கு அழைத்துப் போகும்படி பள்ளியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எழுத்துகளை மாற்றி எழுதுகிறான். இடது கைப் பழக்கம். எந்நேரமும் செல்போன். வகுப்பில் அவ்வப்போது பகல் கனவு காண்கிறான், கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை என்கிறார் டீச்சர். இணையத்தில் பார்த்தால் ஆட்டிசம் என்று வருகிறது. தலைக்கு ஸ்கேன் எடுக்கட்டுமா? இந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ? (ஒரு தாய், கரூர்)

பதில்: அனுப்ப முடியாது அம்மா. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, பாடம் நடத்தும் முறையை அதற்கேற்ப மாற்றுவது பள்ளியின் கடமை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். உங்கள் கையில் இருக்கும் கடிதம் அந்தக் கடமையின் முதல் படிதான். இதை மீறி யாராவது “வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதைவிட அவசரமான விஷயத்தை நீங்கள் கடிதத்தின் நடுவில், செல்போனுக்கு அடுத்து, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பகல் கனவு. கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

பகல் கனவு காணும் பிள்ளையின் தோளைத் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும். வலிப்பில் ஒரு வகை இருக்கிறது; கை கால் வெட்டாது, கீழே விழமாட்டான், நுரை தள்ளாது. பேசிக்கொண்டிருப்பவன் பாதிச் சொல்லில் நிற்பான். பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும். தொட்டாலும் உலுக்கினாலும் வரமாட்டான். பத்து நொடி போல இருக்கும், அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர்வான். கேட்டால் அவனுக்கே தெரியாது. நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஒரு நாளில் பல முறை வரலாம். அத்தனை முறையும் டீச்சர் சொன்ன வாக்கியத்தில் ஒரு துண்டு அவனுக்குக் காணாமல் போகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் “கவனக்குறைவு” என்று ரிப்போர்ட் கார்டில் எழுதி வருடக்கணக்கில் தள்ளிவிடுவதைப் பார்க்கிறோம்.

உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளி மதிப்பீட்டின் தேதிக்காக இதை நிறுத்தி வைக்காதீர்கள். இந்த வாரமே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எப்படி நடந்தது, தொட்டபோது திரும்பினானா, ஒரு நாளில் எத்தனை தடவை என்று டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வந்தால் அந்தச் செல்போனிலேயே வீடியோ எடுங்கள். அதற்காவது அது உதவட்டும். மருத்துவர் அவனைச் சில நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுப்பார். அந்த வேக மூச்சை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். வலிப்பு என்று உறுதியானாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும். அதுவரை வாய்க்கால், கிணற்றுப் பக்கம் தனியாக விடாதீர்கள். ரோட்டில் சைக்கிளும் வேண்டாம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடித்துவிடலாம். இடது கை நோயல்ல, மாற்ற முயலாதீர்கள். செல்போன் நேரத்தைக் குறையுங்கள். ஆனால் எழுத்துகள் மாறுவதற்கு அது காரணமில்லை. ஸ்கேன் இப்போது வேண்டாம். நரம்பியல் மருத்துவர் கேட்டால் எடுக்கலாம். பத்துக் கேள்விக்கு ஆம், இல்லை என்று தட்டிவிட்டு ஆட்டிசம் என்று முடிவு சொல்லும் இணையப் பக்கத்தை மூடிவிடுங்கள். நினைவாற்றல் டானிக், கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் மிட் பிரெய்ன் வகுப்பு என்று யாராவது உறவினர் கிளம்பினால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து மாற்றம் மட்டும் கவனிக்க வேண்டியது. ர, ற குழப்பம் பெரியவர்களுக்கே உண்டு; அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நான் பார்ப்பது வேறு: கரும்பலகையைப் பார்த்து அச்சு மாதிரி எழுதுகிற பிள்ளை, சொல்லச் சொல்ல எழுதும்போது ‘கொக்கு’ என்பதில் துணைக்காலை விட்டுவிட்டு ‘கெக்கு’ என்று எழுதுகிறானா? புள்ளிகள் பறந்துபோகின்றனவா? கதையை வாயால் அழகாகச் சொல்கிறவன் அதே கதையைப் படிக்கும்போது எழுத்துக் கூட்டியே தவிக்கிறானா? மூன்றாம் வகுப்பிலும் இது தொடர்ந்தால் மதிப்பீடு தேவைதான்.

எங்கே போவது? அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார், மருத்துவ முகாமுக்கும் எழுதுவார். தனியார் பள்ளி என்றால் கடிதத்தோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்திலோ மனநலப் பிரிவிலோ கேளுங்கள். வெளியில் பார்ப்பதானால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளரிடம் மட்டும் போங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சளி கட்டிக் காது மந்தமான பிள்ளையை மக்கு என்று முத்திரை குத்திய கதைகள் நிறைய. அப்புறம் அறிவுத்திறன் சோதனை, படிப்பு, எழுத்து, கணக்குக்கான சோதனைகள். ஒரே உட்காருதலில் முடியாது, பிள்ளை சோர்ந்துவிடுவான். எந்த மொழியில் பாடம் படிக்கிறானோ அந்த மொழியில் சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். ஆங்கில வழியில் தடுமாறும் பிள்ளைக்கு மொழிதான் பிரச்சினையாக இருக்கலாம்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். உங்கள் மகன் சரியான வயதில் இருக்கிறான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேட்டு ஓடி வரும் பெற்றோர்தான் என்னிடம் அதிகம். சலுகை கிடைத்துவிடும், ஆனால் அந்தப் பிள்ளை ஏழு வருடம் திட்டு வாங்கியாகிவிட்டது.

கடிதத்துக்குப் பதில் எழுதும்போது தேதி போட்டு, “மதிப்பீட்டுக்குச் சம்மதம், அறிக்கையின் நகல் எங்களுக்கும் வேண்டும்” என்று எழுதி, ஒரு பிரதியில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்த பிறகு இதை எழுதினால் போதும்.