மண்பானைக் கணக்கும் மலைப் பனியும்

விடுமுறைக்கு குல்மார்க், ஔலி என்று பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் இந்த முறை கேள்விகளைக் கொட்டியிருக்கிறார்கள். பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

என் மருமகனுக்குக் கனடாவில் ஒரு பனிச்சறுக்கு மையத்தில் வேலை. "போன வாரம் பிளஸ் 2 டிகிரியில் பனி செய்தோம், நேற்று மைனஸ் 1 இருந்தும் முடியவில்லை" என்கிறார். தலைகீழாக இருக்கிறதே?
— வாசகி, நங்கநல்லூர்

மருமகன் சொல்வது சரிதான். சென்னையில் இருப்பவருக்கு இது சுலபமாகவே புரியும். மே மாதம் வேலூரில் 38 டிகிரி கொளுத்தும்போதும் அங்கே மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதே பானை நங்கநல்லூரில் 34 டிகிரியில் பெயருக்குத்தான் குளிரும். ஏர்கூலர் வாங்கி நொந்துபோனவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகிவிடும். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் வரும் அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. 38 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அது 24 டிகிரிக்கு இறங்கும். 34 டிகிரியில் 70 சதவீதம் என்றால் 29-லேயே நின்றுவிடும்.

நீரைப் பொடித்துளிகளாகக் குளிர்காற்றில் பீச்சிப் பனியாக்கும் இயந்திரம்தான் பனித் துப்பாக்கி. அதை இயக்குபவர்கள் பார்ப்பதும் இந்த ஈரக்குமிழ் அளவைத்தான். அது சுமார் மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் வேலையைத் தொடங்கலாம். மைனஸ் 6-க்குக் கீழே போனால் நல்ல விளைச்சல். பிளஸ் 2 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 3-ஐத் தாண்டிவிடும். ஓரளவு பனி கிடைக்கும். மைனஸ் 1 டிகிரியில் மூடுபனி கவிந்து ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் மைனஸ் 1.3-ஐத் தாண்டாது. அப்போது துப்பாக்கியைத் திறந்தால் சரிவில் விழுவது வெறும் தண்ணீர்.

காரணம் இதுதான். நீர் உறையும்போது சூட்டை வெளியே விடும், கிலோவுக்கு 334 கிலோஜூல். அந்தச் சூட்டை யாராவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்காற்று ஒரு பங்கை வாங்குகிறது, ஆவியாகும் நீர் இன்னொரு பங்கை. ஒரு கிராம் ஆவியானால் ஏழு கிராமுக்கு மேல் உறையும் அளவுக்குச் சூடு போய்விடும்.

அதே துப்பாக்கி ஒரு நாள் மாவு மாதிரிப் பனி கொடுக்கிறது, மறுநாள் குழைந்த சோறு மாதிரி. என்ன கோளாறு? (மலைப்பகுதி ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன்.)
— வாசகர், பெரம்பூர்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் உங்கள் ஜாக்கெட் கையைப் பாருங்கள். துப்பாக்கியிலிருந்து பனி வந்து விழும் இடத்தில் கையை நீட்டி நில்லுங்கள். துகள்கள் துணியில் பட்டுத் தெறித்து உதிர்ந்தால் சரி. ஒட்டிக்கொண்டு ஈரக்கறை விட்டால் தண்ணீர் அதிகம். பிறகு ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் உடனே நீரின் அளவைக் குறையுங்கள். எந்தக் கம்ப்யூட்டர் திரையையும் விட இந்த இரண்டு சோதனையும் நம்பகமானவை.

அளவைக் குறைத்தும் சரியாகவில்லையா? நீரின் சூட்டைப் பாருங்கள். குழாயில் வரும் நீர் 1, 2 டிகிரியில் இருப்பது நல்லது. ஏரியின் மேல்மட்டத்து நீர் 6, 7 டிகிரியில் வந்தால் விளைச்சல் படுத்துவிடும். பல மையங்கள் குளிர்விப்புக் கோபுரம் வைத்திருப்பது இதற்குத்தான்.

அடுத்து, விதை நாஸில். பெரிய நாஸில்களிலிருந்து வரும் நீர்த்துளி தானாக உறையாது. தூய சிறு துளி பூஜ்யத்துக்குக் கீழேயும் திரவமாகவே அடம்பிடிக்கும். அதனால் தனியாகச் சில சின்ன நாஸில்களில் அழுத்தக் காற்றையும் நீரையும் கலந்து பீச்சுவார்கள். வெளியே வந்ததும் காற்று விரிந்து சட்டென்று குளிர, பொடிப்பொடியாகப் பனிப்படிகம் உருவாகும். பாலுக்கு உறைமோர் மாதிரி, பெரிய துளிகளுக்கு இது விதை. இந்தச் சின்னத் துளைதான் மணலோ பாசியோ முதலில் அடைக்கும் இடம். நுழைவாயில் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். நாஸிலைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்; அழுத்தக் காற்றால் ஊதுங்கள். விதைக் காற்றின் அழுத்தம் குறைந்தாலும் இதே குழைந்த சோறுதான் வரும், எனவே கம்ப்ரஸரின் பெல்ட்டையும் ஃபில்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆன் செய்யும்போது முதலில் காற்று, பிறகு நீர். ஆஃப் செய்யும்போது முதலில் நீர், பிறகு காற்று. வரிசை மாறினால் தலைப்பகுதியில் நீர் தேங்கி ஐஸாகி, அடுத்த நாள் நாஸில் வெடித்துக் கிடக்கும். ஹோஸைக் கழற்றியதும் சரிவில் தலைகீழாகப் போட்டு வடியவிடுங்கள். மறந்துவிட்டால் காலையில் 20 மீட்டர் நீளத்துக்கு இரும்புக்கட்டி மாதிரி ஒரு ஹோஸ்தான் இருக்கும்.

குவிந்த பனியை உடனே பரப்பவும் கூடாது. ஒரு நாளாவது விட்டு உள்நீர் வடிந்த பிறகே பனியைப் பரப்பிச் சமன்படுத்தும் கிரூமர் வண்டியை ஏற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் இரவில் ஐஸ் பாளமாகிவிடும்.

ஔலியில் மலை உச்சியில் ஒரு செயற்கை ஏரி பார்த்தோம். அவ்வளவு தண்ணீர் எதற்கு?
— வாசகர், முகப்பேர்

பனி செய்யத்தான். 2011 ஜனவரியில் அங்கே நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்கான ஏற்பாடு அது. இயந்திரப் பனி, புதிதாக விழுந்த இயற்கைப் பனியை விட நான்கைந்து மடங்கு அடர்த்தி. ஒரு கன மீட்டர் சுமார் 450 கிலோ இருக்கும். ஒரு ஹெக்டேர் சரிவை 30 செ.மீ. மூட 3,000 கன மீட்டர் பனி, அதாவது 13.5 லட்சம் லிட்டர் நீர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 113 நடை. காற்றில் ஆவியாகி, பறந்து வீணாவது தனி.

கார் கழுவும் பிரஷர் வாஷரை வைத்து மொட்டை மாடியில் பனி செய்ய முடியுமா? யூடியூபில் செய்கிறார்கள்.
— மாணவர், குரோம்பேட்டை

மாடி நனையும். செய்து காட்டியவர் மைனஸ் பத்தில் நின்றிருப்பார். நம் மாடியில் ஈரக்குமிழ் 29.

சேர்லிஃப்டில் (ஓடும் வடத்தில் தொங்கும் நாற்காலி) ஏறி நடுவானத்தில் நின்றுவிட்டோம், இரண்டு முறை. மோட்டார் பழசா?
— வாசகி, வேளச்சேரி

பெரும்பாலும் மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏறும் இடத்தில் யாராவது தடுமாறியிருப்பார்கள், ஊழியர் நிறுத்தியிருப்பார். சாதாரண சேர்லிஃப்ட் வினாடிக்கு சுமார் 2.5 மீட்டர் வேகத்தில் ஓடும். ஸ்கீ மாட்டாத கால்களுக்கு அது அதிகம்தான்.

இரண்டாவது காரணம், டவர்களில் இருக்கும் பாதுகாப்புக் கம்பி. வடம் தன்னைத் தாங்கும் உருளையை விட்டு நழுவினால் ஓரத்தில் இருக்கும் மெல்லிய கம்பியை உடைக்கும். மின்சுற்று அறுந்து லிஃப்ட் நின்றுவிடும். எல்லா டவரும் ஒரே சுற்றில் வரிசையாக இணைந்திருக்கும், திருவிழா சீரியல் செட் மாதிரி. எங்கோ ஒரு இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கினாலும், வடம் பத்திரமாக இருந்தாலும், எல்லாமே நிற்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் முதல் டவரிலிருந்து ஒவ்வொன்றாக ஏறமாட்டார். நடு டவரில் மல்டிமீட்டர் வைத்து, கோளாறு எந்தப் பாதியில் என்று பார்த்து, அதையும் பாதியாக்குவார். 16 டவர் என்றால் நான்கு சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரு துண்டு ஒயரைப் போட்டு அந்த டவரைத் தாண்டிவிட்டு, பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

பழனி ரோப் காரை மாதத்தில் ஒரு நாள், வருடத்துக்கு ஒரு முறை பல நாள் என்று நிறுத்துகிறார்கள். பனிமலை லிஃப்டுகளுக்கும் இப்படித்தானா? என்னதான் பார்ப்பார்கள்?
— வாசகர், மயிலாப்பூர்

அங்கே பெரிய வேலைகளைப் பனி இல்லாத மாதங்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வடம். காந்தக் கருவி வழியாக முழு வடத்தையும் மெதுவாக ஓடவிட்டால், உள்ளே அறுந்த கம்பியிழையும் தெரியும். இரண்டு முனையும் இணையும் பின்னல் பகுதி வடத்தின் விட்டத்தைப் போல 1,200 மடங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர்! நாற்காலி நிரந்தரமாகக் கவ்வியிருக்கும் லிஃப்டுகளில், கவ்வும் பிடியான கிரிப்பின் ஓரத்தில் வடம் திரும்பத் திரும்ப வளையும். ஒரே இடத்தில் விட்டால் அங்கேதான் முதலில் இழை அறும். அதனால் எல்லா கிரிப்பையும் தளர்த்தி, குறிப்பிட்ட தூரம் நகர்த்தி, மீண்டும் இறுக்கி, வழுக்குகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள்.

உருளைகளைக் கீழே நின்றே பாதி சோதிக்கலாம். லிஃப்ட் ஓடும்போது எல்லா உருளையும் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அதன் பேரிங் போய்விட்டது. வடம் அதன் ரப்பர் லைனரை ஒரே இடத்தில் தேய்த்துத் தட்டையாக்கும். லைனரில் வடம் ஓடிய தடம் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் வரிசை கோணியிருக்கிறது. நழுவுவதற்கு முன்னறிவிப்பு அதுதான்.

பிறகு பிரேக்குகள். சாதாரண பிரேக், பெரிய சக்கரத்தையே நேரடியாகப் பிடிக்கும் அவசர பிரேக், பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் தனித்தனியே சுமையேற்றிச் சோதிக்க வேண்டும். 2018 மார்ச்சில் ஜார்ஜியாவின் குடௌரியில் ஒரு சேர்லிஃப்ட் ஆட்களோடு பின்னோக்கிப் பாய்ந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். மேலேறும் பக்கம் மட்டும் ஆள் நிறைந்த லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் சக்தி இல்லாமல் போனால், புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடும்.

வடத்தை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும் இழுவிசை ஏற்பாட்டையும் பார்ப்பார்கள். 2,000 மீட்டர் எஃகு வடம் 30 டிகிரி குளிர்ந்தால் சுமார் 70 செ.மீ. சுருங்கும். அந்த வித்தியாசத்தை எதிர்எடையோ ஹைட்ராலிக்கோ வாங்கிக்கொள்ள, நகரும் வண்டிக்குத் தண்டவாளத்தில் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.