79 எபிசோடு போதுமா?

கேள்வி: 'ஸ்டார் டிரெக்' முதலில் வந்தபோது ஓடவில்லை என்கிறார்களே, அப்புறம் எப்படி இவ்வளவு பேர் வாங்கியது?

பதில்: நிஜம்தான். அமெரிக்காவில் என்பிசி என்ற டிவி நிறுவனம் இந்த விண்வெளித் தொடரை 1966-ல் ஆரம்பித்து 1969-ல் நிறுத்திவிட்டது, மொத்தம் 79 எபிசோடுகள். ஆனால் அங்கே சிண்டிகேஷன் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பழைய தொடரை ஊர் ஊராக இருக்கும் உள்ளூர் சேனல்களுக்குத் தனித்தனியாக விற்பார்கள், அவர்கள் வாரம் ஒன்று என்றில்லாமல் தினமும் ஒன்றாகப் போட்டுத் தள்ளுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு டிவி முன்னால் உட்கார, அப்படியே ஒரு ரசிகர் கூட்டம் வளர்ந்தது. 100 எபிசோடாவது இருந்தால்தான் இந்த வியாபாரம் கட்டும் என்பது தொழில்காரர்கள் கணக்கு. இது 79-ஐ வைத்தே ஜெயித்தது. 1979-ல் சினிமாவாகவே வந்துவிட்டது.

இதற்கெல்லாம் வழி போட்டது 1951-ல் வந்த 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர். அப்போது பல நிகழ்ச்சிகள் நேரடி ஒளிபரப்பு, போனால் போனதுதான். அதில் நடித்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் 35 எம்எம் ஃபிலிமில்தான் எடுப்போம் என்று நின்று, அந்தச் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பின்னால் தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனமே பல லட்சம் டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்க வேண்டியதாயிற்று. கில்லாடி மனுஷன் அர்னாஸ்!