மாண்டரின் தெரிந்தால் ஹக்கா வாக்கியம் தானாக வந்துவிடுமா?

கேள்வி: தைவானில் சின்சூ பகுதியில் ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறேன். மாண்டரின் ஓரளவு பேசுவேன். ஜூடோங்கில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டிக்கு, மாண்டரினைப் போலவே சீன மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹக்காதான் சரளம். 'இலக்கணம் ஒன்றுதான், சொற்களை மாற்றினால் போதும்' என்று சொன்ன ஓர் இணையவழி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நான் பேசுவது அவருக்குப் புரியவில்லை. அவர் அடிக்கடி சொல்லும் 'புன்' எனக்குப் பிடிபடவில்லை. 'கொடு' என்றுதான் படித்தேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: தவறு பெரும்பாலும் உங்களிடம் பணம் வாங்கியவர்களுடையது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இரண்டு மொழிகளுக்கும் பொது; காலத்தைக் குறிக்கும் சொல் வினைக்கு முன்னால் வருவதும் பொது. இந்த ஒற்றுமையைக் காட்டி, மாண்டரின் வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் ஹக்காவைப் பொருத்தி அதையே பாடம் என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிச் செய்த வாக்கியத்தில் பெயர்ச்சொற்களெல்லாம் சரியாக இருக்கும். அவற்றை இணைக்கும் சிறு சொற்கள்தாம் தடம் புரண்டிருக்கும்.

'புன்' அப்படிப்பட்ட சொல். 'கி புன் ஙாய் யித் புன் சூ' என்றால் 'அவர் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்' என்று பொருள். (இதில் இரண்டாவதாக வரும் 'புன்' புத்தகங்களை எண்ணும்போது சேர்க்கும் வேறொரு சொல், தொனியும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், வேறு, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தமிழில் சொல்லுக்கு முதலில் வர மறுக்கும் 'ங' வரிசையில்தான் இவர்களுக்கு 'நான்' என்பதே தொடங்குகிறது.) 'ஙாய் புன் கி ஹி' என்றால் 'அவரைப் போக விட்டேன்'. 'கி புன் கெவ் ஙாவ்' என்றால் 'அவரை நாய் கடித்தது'. 'அவர் நாய்க்குக் கொடுத்தார்' என்று நீங்கள் தொடங்கியிருந்தால் வாக்கியம் முடியும்போது திகைத்துத்தான் நிற்பீர்கள்.

பிரித்தறியும் வழி எளிது. 'புன்' என்பதை அடுத்து ஓர் ஆளும் அதன்பின் ஒரு பொருளும் வந்தால் அது கொடுத்தல். ஆளுக்குப் பின் வினை வந்தால், எழுவாய் அனுமதிப்பவரா, அல்லது அந்த வினைக்கு ஆளானவரா என்று பாருங்கள். முன்னது விடுதல், பின்னது படுதல்.

இந்தப் 'படுதல்' வாக்கியத்தில்தான் மாண்டரின் அறிந்தவர்கள் தவறாமல் விழுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மாண்டரினில் படுதலைக் காட்டும் 'பெய்' என்ற சொல்லைச் சொல்லி, செய்தவரைக் குறிப்பிடாமல் நேரே வினைக்குப் போய்விடலாம். ஹக்காவில் 'புன்' என்பதற்கும் வினைக்கும் நடுவில் செய்தவர் வந்தே ஆக வேண்டும். 'அவர் திட்டு வாங்கினார்' என்பதற்குக் 'கி புன் மா' என்றால் வாக்கியம் நிற்காது. 'கி புன் ஙின் மா' என்று 'ஙின்', அதாவது 'ஆள்', என்பதையாவது நடுவில் வைக்க வேண்டும். ஒரு பொருள் திருட்டுப் போனதைச் சொல்லும்போது, திருடியவர் யாரென்று தெரியாவிட்டாலும் 'ஆள்' வர வேண்டும். செய்தது மனிதராக இல்லாவிட்டாலும் விலக்கு இல்லை. மழையில் நனைந்தவரைப் பற்றிச் சொல்லும்போது மழையையே அந்த இடத்தில் வைக்கிறார்கள். சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டவர் 'ஙின்' என்பதை விட்டுவிடுவார், ஏனெனில் அவர் பார்த்து எழுதிய மாண்டரின் வாக்கியத்தில் அது இருந்திருக்காது.

எதிர்மறையில் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: செய்வதில்லை, செய்ய மாட்டேன் என்றால் 'ம்'; இல்லை, செய்யவில்லை என்றால் 'மோ'; இன்னும் ஆகவில்லை என்றால் 'மாங்'. வீட்டு வாசலில் அந்த அம்மா 'சித் பாவ் மாங்' என்று கேட்டால், அது 'சாப்பிட்டாயிற்றா' என்னும் நலம் விசாரிப்பு. இன்னும் இல்லையென்றால் 'மாங்' என்ற ஒற்றைச் சொல்லே விடை. 'இன்னும் ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள்' என்பது 'சித் யித் வோன் தியாம்'. மாண்டரினில் வினைக்கு முன்னால் வைக்கும் 'இன்னும்' இங்கே 'தியாம்' என்று கடைசிக்குப் போய்விடும். 'ஙாய் தெவ்' நம் 'நாங்கள்', 'என் தெவ்' நம் 'நாம்'. தைவான் மாண்டரினில் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தமிழர் தடுமாற வேண்டியதில்லை.

அந்த அம்மாவுக்கு நீங்கள் பேசுவது புரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ஜூடோங் பக்கம் பெரும்பாலும் பேசப்படுவது ஹாய்லூ என்னும் ஹக்கா வட்டார வழக்கு. வகுப்புகளும் புத்தகங்களும் பெரும்பாலும் மியாவ்லி மாவட்டத்தில் பேசப்படும் சிசியென் வழக்கில் இருக்கின்றன. மேலே நான் தந்த ஒலிப்பும் அதுவே. இலக்கணத்தில் இவ்விரண்டுக்கும் நீங்கள் அஞ்சும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் தொனிகள் ஏறக்குறைய தலைகீழ்: சிசியெனில் ஏறும் தொனியில் சொல்லும் 'புன்' ஹாய்லூவில் இறங்கும். எந்த வழக்கைக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டு, நேரடியான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். 'தேர்ச்சிச் சான்றிதழுக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. தைவான் அரசின் ஹக்கா விவகார அவை இலவசமாக வெளியிடும் சொற்பட்டியலையும் மாதிரி வினாக்களையும்தான் அவர்களில் பலர் அச்சிட்டு விற்கிறார்கள்.

அரசையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2001 முதல் தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழிக்கு என்று வாரத்திற்கு ஒரே ஒரு பாடவேளை. 2018-இல் ஹக்கா தேசிய மொழிகளுள் ஒன்று என்று சட்டத்தில் எழுதிய பின்பும், அந்த ஒரு வேளையில் மாண்டரினில் விளக்கிச் சொற்பட்டியலை ஒப்பிக்க வைக்கும் வழக்கம் முற்றாகப் போகவில்லை. சொல்லை மாற்றினால் போதும் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கேதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: தைவான் கல்வி அமைச்சகத்தின் இணைய ஹக்கா அகராதி இலவசம், வழக்கு வாரியாக ஒலிப்பதிவும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் அதில் உள்ளன. ஹாய்லூவைத் தேர்ந்தெடுத்து, மாண்டரினில் 'ஃபென்' என்று படிக்கப்படும் எழுத்தைத் தேடினால் 'புன்' கிடைக்கும். அதன் வாக்கியங்களைக் கேட்டு, ஒவ்வொன்றும் கொடுத்தலா, விடுதலா, படுதலா என்று குறித்துக்கொண்டு, பிறகு அந்த அம்மாவிடம் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்.